இடமிருந்தும் இடமில்லை: கணிப்பொறிக் கோப்பு முறைமையில் பதிவும் பரப்பும்

ஓலையிலும் செப்பேட்டிலும் தாளிலும் சேமித்து வந்த அறிவை இன்று நாம் கணிப்பொறியின் வட்டில் சேமிக்கின்றோம். நூலகங்கள் தம் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வட்டில் ஏற்றுகின்றன. கல்லூரி அலுவலகங்கள் மாணவர் பதிவுகளை அங்கேயே பேணுகின்றன. இவ்வாறு சேமிப்போர் என்றேனும் ஒருநாள் விந்தையான ஒரு செய்தியைத் திரையில் காண நேரலாம். புதிய கோப்பு ஒன்றைச் சேமிக்க முயலும்போது, "வட்டில் இடமில்லை" என்று கணிப்பொறி மறுத்துவிடும். ஐயுற்று வட்டை அளந்து பார்த்தாலோ, பாதிக்கு மேல் காலியாகவே கிடக்கும். இடம் இருக்கின்றது, ஆயினும் இடம் இல்லை. இஃது எங்ஙனம் நேர்கின்றது?

இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது கணிப்பொறித் துறையினர்க்கு மட்டும் உரிய செய்தி என்று ஒதுக்கிவிடுதல் தகாது. சுவடி பேணுவோர் ஓலையின் இயல்பை அறிந்திருந்தனர். ஓலை எப்போது முறியும், பூச்சி எவ்வாறு அரிக்கும் என்பன அவர்க்குத் தெரியும். வட்டில் சேமிப்போரும் வட்டின் இயல்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். இன்று இணைய வழங்கிகளில் பெரும்பாலானவை லினக்ஸ் இயக்க முறைமையில் இயங்குதலின், அதன் கோப்பு முறைமையையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

அலமாரியும் பதிவேடும்

நூலகம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அங்கே நூல்களை அடுக்குவதற்கு அலமாரிகள் உள்ளன. வந்து சேரும் ஒவ்வொரு நூலுக்கும் வரிசை எண் இட்டு, விவரம் எழுதுவதற்குச் சேர்க்கைப் பதிவேடு உள்ளது. பதிவேட்டில் எண் பெறாத நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

வட்டிலும் இவ்விரண்டும் உள்ளன. கோப்பின் உள்ளடக்கம் தங்குவதற்கான பரப்பு முழுவதும் சம அளவுள்ள சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தின் அளவு பொதுவாக 4 கிலோபைட்டு, அதாவது 4,096 பைட்டுகள். இக்கட்டங்களே அலமாரி. கோப்பைப் பற்றிய விவரங்களைத் தாங்கும் பதிவுகள் தனியே ஓர் அட்டவணையில் வரிசையாக அமைந்திருக்கும். அப்பதிவு ஒவ்வொன்றுக்கும் 'ஐநோட்' என்பது பெயர். இவ்வட்டவணையே சேர்க்கைப் பதிவேடு.

ஓர் ஐநோட்டில் என்னென்ன எழுதப்பட்டிருக்கும்? கோப்பின் வகை, உரிமையாளர் யார், எவரெவர் படிக்கலாம், எவரெவர் திருத்தலாம், அளவு எவ்வளவு, இறுதியாகத் திருத்தப்பட்ட நேரம் எது, உள்ளடக்கம் எந்தெந்தக் கட்டங்களில் உள்ளது ஆகிய அனைத்தும் இருக்கும். ஆனால் நாம் முதன்மையானது என்று கருதும் ஒன்று அதில் இராது. அதுவே கோப்பின் பெயர்!

பெயர் வேறு, பொருள் வேறு

கோப்பின் பெயர் அடைவு என்னும் வேறோர் ஏட்டில் எழுதப்படுகின்றது. அடைவு என்பது பெயரையும் அதற்குரிய ஐநோட்டின் எண்ணையும் இணைத்துக் காட்டும் பட்டியல் ஆகும். நாம் பெயர் சொல்லி ஒரு கோப்பைக் கேட்டால், கணிப்பொறி முதலில் அடைவைப் பார்த்து எண்ணை அறிகின்றது. எண்ணைக் கொண்டு ஐநோட்டை அடைகின்றது. ஐநோட்டைக் கொண்டு கட்டங்களை அடைகின்றது.

ஓர் ஆசிரியர்க்கு இயற்பெயரும் புனைபெயரும் இருத்தல் போன்று, ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருத்தல் கூடும். பெயர் எத்தனையாயினும் ஐநோட் ஒன்றே. எத்தனை பெயர்கள் தன்னைச் சுட்டுகின்றன என்னும் தொகையையும் ஐநோட் தன்னிடமே குறித்து வைத்துக்கொள்கின்றது. நாம் ஒரு கோப்பை அழிக்கும்போது உண்மையில் அழிவது ஒரு பெயரே. தொகை ஒன்று குறையும். அது சுழியம் ஆகி, அக்கோப்பைத் திறந்து வைத்திருப்பார் எவரும் இலர் என்ற நிலை வரும்போதுதான் ஐநோட்டும் கட்டங்களும் விடுவிக்கப்படுகின்றன.

ஐநோட்டின் வரலாறு

இவ்வமைப்பு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தோன்றியது. அங்கே கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய யூனிக்ஸ் இயக்க முறைமையின் உறுப்பு இது. 1974ஆம் ஆண்டு அவ்விருவரும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலேயே ஐநோட் என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. அச்சொல்லின் முதலெழுத்து எதைக் குறிக்கின்றது எனப் பிற்காலத்தில் வினவப்பட்டபோது, அட்டவணை எனப் பொருள்படும் 'இண்டெக்ஸ்' ஆகலாம் என்பது தம் ஊகம் என்றே ரிச்சி விடையிறுத்தார். 'நோட்' என்பது கணு. கரும்பிலும் மூங்கிலிலும் கணுவிலிருந்தே கிளையும் வேரும் பிறத்தல் போல, ஒரு கோப்பின் அனைத்துச் செய்திகளும் இப்பதிவிலிருந்தே கிளைக்கின்றன. ஆதலின் தமிழில் இதனைச் சுட்டுக்கணு எனலாம்.

தொடக்க கால யூனிக்ஸில் ஐநோட்டுகள் அனைத்தும் வட்டின் முகப்பில் ஒருங்கே இருந்தன. உள்ளடக்கம் அதற்கு அப்பால் நெடுந்தொலைவில் இருந்தது. ஒரு கோப்பைப் படிக்கும்போதெல்லாம் வட்டின் படிப்புமுனை முன்னும் பின்னுமாக அலைய வேண்டியதாயிற்று. பதிவேட்டை ஊரின் ஒரு கோடியிலும் அலமாரியை மறுகோடியிலும் வைத்த நூலகத்தின் நிலை அது. வட்டின் முழு வேகத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடே பயன்பட்டது என அளந்து கண்டனர்.

இக்குறையைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் நீக்கினர். மெக்கூசிக், ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி ஆகிய நால்வர் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையில் புதிய அமைப்பு விளக்கப்பட்டது. வட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஐநோட்டுகளில் ஒரு பங்கையும் கட்டங்களில் ஒரு பங்கையும் வைத்தனர். ஒரு பெரும் பதிவேட்டைப் பல சிறு பதிவேடுகளாகப் பிரித்து, அந்தந்த அலமாரியின் அருகிலேயே தொங்கவிட்டது போன்ற செயல் இது. இவ்வழியே பின்னாளில் லினக்ஸும் சென்றது. 1993இல் ரெமி கார்ட் முதலானோர் அமைத்த எக்ஸ்ட்2, 2001இல் லினக்ஸில் இடம்பெற்ற எக்ஸ்ட்3, 2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 ஆகியன ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் ஆகும்.

எண் வழங்கும் முறை

எக்ஸ்ட்4 முறைமையில் 32,768 கட்டங்கள் சேர்ந்து ஒரு குழு ஆகும். அதாவது 128 மெகாபைட்டு. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு அடையாளப் பட்டியல்கள் உண்டு. ஒன்று கட்டங்களுக்கு உரியது. மற்றொன்று ஐநோட்டுகளுக்கு உரியது. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் வீதம் ஒதுக்கப்பட்டிருக்கும். 0 எனின் காலி; 1 எனின் வழங்கப்பட்டுவிட்டது. புதிய கோப்பு பிறக்கும்போது கணிப்பொறி இப்பட்டியலில் ஒரு 0 தேடி, அதனை 1 ஆக்கி, அவ்விடத்தின் எண்ணைக் கோப்புக்கு வழங்குகின்றது.

எந்தக் குழுவில் தேடுவது என்பதற்கும் நெறி உண்டு. கோப்பு எனின், அது சார்ந்த அடைவு இருக்கும் குழுவிலேயே இடம் தர முயலும். அங்கே இல்லையெனில் பிற குழுக்களை நாடும். ஓர் அடைவிலுள்ள கோப்புகள் பெரும்பாலும் சேர்ந்தே படிக்கப்படும் ஆதலின், அவை அருகருகே இருத்தல் நன்று. மேல்நிலை அடைவுகளையோ வெவ்வேறு குழுக்களில் பரப்பி வைக்கும். உடன்பிறந்தோர் ஒரு வீட்டில் இருக்க, வெவ்வேறு குடும்பங்கள் வெவ்வேறு தெருக்களில் குடியேறுதல் போன்றது இந்நெறி.

பிறக்கும்போதே எழுதப்படும் எண்ணிக்கை

இனி நாம் தொடக்கத்தில் கண்ட புதிருக்கு வருவோம். எக்ஸ்ட் குடும்பத்தில் ஐநோட்டுகளின் எண்ணிக்கை, கோப்பு முறைமை உருவாக்கப்படும் அந்த நேரத்திலேயே முடிவு செய்யப்பட்டுவிடுகின்றது. எம்கேஈ2எஃப்எஸ் என்னும் ஆணை அதனை உருவாக்கும்போது, வேறு அளவு எதுவும் குறிப்பிடாவிடின், 16,384 பைட்டுகளுக்கு ஓர் ஐநோட் என்னும் வீதத்தைக் கொள்கின்றது. ஒரு கோப்பு சராசரியாக 16 கிலோபைட்டு இருக்கும் என்ற ஊகமே இவ்வீதத்தின் அடிப்படை. இதன்படி ஒரு குழுவுக்கு 8,192 ஐநோட்டுகள் அமையும். ஓர் ஐநோட் 256 பைட்டு நீளம் உடையது. ஆகவே ஒரு கோப்பும் இல்லாத நிலையிலேயே பரப்பில் 64இல் ஒரு பங்கு பதிவேட்டுக்கென ஒதுங்கிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 கிகாபைட்டுப் பரப்புள்ள வட்டில் மேற்சொன்ன வீதப்படி 65,53,600 ஐநோட்டுகள் இருக்கும். அதில் அகராதிச் சொல் ஒவ்வொன்றையும், மடல் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கின்றோம் என்று கொள்வோம். கோப்பு 2 கிலோபைட்டே ஆயினும் ஒரு முழுக் கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அனைத்து ஐநோட்டுகளும் தீரும்போது நிரம்பியுள்ள கட்டங்களின் அளவு 25 கிகாபைட்டே. பதிவேட்டுக்கான 1.6 கிகாபைட்டைச் சேர்த்தாலும் ஏறத்தாழ 27 கிகாபைட்டுதான். எஞ்சிய 73 கிகாபைட்டு அளவுக்கு அலமாரி வெறுமையாக நிற்க, பதிவேட்டில் எழுத ஒரு வரியும் இராது. புதிய கோப்பு பிறக்க வழியில்லை. "இடமில்லை" என்று கணிப்பொறி கூறியதன் பொருள் இதுவே.

இதற்கு மறுதலையாக, 2 மெகாபைட்டு அளவுள்ள பக்கப் படங்களை மட்டும் அதே வட்டில் ஏற்றினால் 50,000 படங்கள் அளவிலேயே பரப்பு நிரம்பிவிடும். ஐநோட்டுகளில் நூற்றில் ஒன்றுகூடச் செலவாகியிராது. முன்னதில் பதிவேடு முந்திக்கொண்டது. பின்னதில் அலமாரி முந்திக்கொண்டது.

இதனை அறிந்தே வீதத்தை மாற்றும் உரிமையும் அளிக்கப்பட்டுள்ளது. அந்த ஆணையோடு வரும் அமைப்புக் கோப்பில் 'நியூஸ்' என்று ஒரு வகை உண்டு. அதில் 4,096 பைட்டுக்கு ஓர் ஐநோட் வழங்கப்படும். யூஸ்நெட் என்னும் பழைய செய்திப் பரிமாற்ற அமைப்பில் ஒவ்வொரு மடலும் ஒரு தனிக் கோப்பாக இருந்தமையால் இவ்வகை தேவைப்பட்டது. பெருங்கோப்புகளுக்கெனவும் ஒரு வகை உண்டு; அதில் 4 மெகாபைட்டுக்கு ஓர் ஐநோட் வீதம் வழங்கலாம். ஆனால் 100 கிகாபைட்டில் அப்போது கிடைப்பவை 25,600 ஐநோட்டுகளே. அவ்வட்டில் பின்னொரு நாள் சிறு கோப்புகளை ஏற்ற முனைவோர் விரைவிலேயே முட்டி நிற்பர்.

வளர்தலும் சுருங்குதலும்

"வட்டைப் பெரிதாக்கினால் தீராதோ?" என்று கேட்கலாம். தீரும், ஆயினும் அதற்கு விலை உண்டு.

கோப்பு முறைமையை வளர்க்கும்போது இறுதியில் புதிய குழுக்கள் சேர்கின்றன. ஒவ்வொரு புதிய குழுவும் தனக்குரிய கட்டங்களோடு தனக்குரிய ஐநோட்டுகளையும் கொண்டு வருகின்றது. ஆனால் வீதம் மாறுவதில்லை. முன்பு கண்ட வட்டில் மேலும் 100 கிகாபைட்டு சேர்த்தால் மேலும் 65,53,600 ஐநோட்டுகள் கிடைக்கும். கூடவே மேலும் 73 கிகாபைட்டு வெறுமையாகக் கிடக்கும். பதிவேட்டில் வரி வேண்டி அலமாரி வாங்குவது போன்ற செலவு இது. வீதத்தையே மாற்ற வேண்டுமெனில், அனைத்தையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்து, கோப்பு முறைமையைப் புதிதாக உருவாக்கி, மீண்டும் ஏற்றுதலே வழி.

குழுக்களின் விவரங்களைத் தொகுத்துரைக்கும் பட்டியல் ஒன்று வட்டின் முகப்பில் உள்ளது. குழுக்கள் பெருகினால் அப்பட்டியலும் நீள வேண்டும். முன்னரே அதற்கு இடம் விடாவிடின், பின்னால் உள்ளவற்றை நகர்த்த நேரிடும். ஆதலின் உருவாக்கும்போதே, தொடக்க அளவைப் போல் 1,024 மடங்கு வரை வளர்வதற்கு வேண்டிய இடத்தை ஒதுக்கி வைக்க முயல்கின்றனர். அவ்விடத்தைக் காப்பதற்கென்றே 7ஆம் எண்ணுள்ள ஐநோட் தனியே நியமிக்கப்பட்டுள்ளது. இதனால் கோப்பு முறைமை பயன்பாட்டில் இருக்கும்போதே, பணி எதுவும் தடைபடாமல் அதனை வளர்க்க இயல்கின்றது.

சுருக்குதல் அத்துணை எளிதன்று. எக்ஸ்ட்4இல் ஐநோட்டின் எண்ணே அதன் இருப்பிடத்தைக் குறிக்கின்றது. எண்ணைக் குழுவின் அளவால் வகுத்தால் எந்தக் குழு என்பது தெரிந்துவிடும். கடைசிக் குழுக்களை நீக்க வேண்டுமெனில் அங்கே வாழும் ஐநோட்டுகள் முன்னே குடிபெயர வேண்டும். குடிபெயர்ந்தால் எண் மாறும். எண் மாறினால், அப்பழைய எண்ணைக் குறித்திருக்கும் ஒவ்வோர் அடைவையும் தேடித் திருத்த வேண்டும். கட்டங்களும் இடம் மாறும். இத்துணை மாற்றங்கள் நிகழும்போது வேறெவரும் அங்கே எழுதலாகாது. ஆதலின் சுருக்குதற்கு முன் கோப்பு முறைமையைப் பயன்பாட்டிலிருந்து விடுவித்து, பிழை நோக்கிய பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.

இங்கே ஒரு பெருந்தீங்கு பதுங்கியிருக்கின்றது. கோப்பு முறைமை வேறு; அது அமர்ந்திருக்கும் சேமிப்புப் பகுதி வேறு. லினக்ஸில் இப்பகுதிகளை விரும்பியவாறு நீட்டவும் குறைக்கவும் எல்விஎம் என்னும் அமைப்பு பயன்படுகின்றது. வளர்க்கும்போது முதலில் அடியிலுள்ள பகுதியை நீட்டி, அதன்பின் கோப்பு முறைமையை வளர்க்க வேண்டும். சுருக்கும்போதோ முதலில் கோப்பு முறைமையைச் சுருக்கி, அதன்பின்னரே பகுதியைக் குறைக்க வேண்டும். நிலத்தை வாங்கிய பின் வீட்டை நீட்டுவோம். வீட்டை ஒடுக்கிய பின்னரே நிலத்தை விற்போம். இவ்வரிசையை மறந்து பகுதியை முதலில் வெட்டிவிட்டால், வெட்டுண்ட பரப்பிலிருந்த கட்டங்களும் ஐநோட்டுகளும் கோப்பு முறைமையின் கையை விட்டு நீங்கும். ஆண்டுக்கணக்கில் திரட்டிய தொகுப்பு ஒரே ஆணையில் பாழாகக் கூடும்.

வேறு நெறிகள்

எண்ணிக்கையை முன்னரே முடிவு செய்யாத கோப்பு முறைமைகளும் உள. சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் 1994இல் வெளியிட்ட எக்ஸ்எஃப்எஸ் அவற்றுள் ஒன்று. 2014இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 இதனையே இயல்பான முறைமையாக ஏற்றது. இதில் ஐநோட்டுகள் தேவை எழும்போது 64, 64 ஆகப் பிறக்கின்றன. தாள் தீரும்போது புதுத்தாள் கோத்துக்கொள்ளும் பதிவேடு எனலாம். எனினும் வரம்பு முற்றிலும் இல்லாமல் இல்லை. 1 டெராபைட்டுக்குக் குறைவான பரப்பில் ஐநோட்டுகள் 25 விழுக்காட்டுக்கு மேல் இடங்கொள்ளலாகாது என்பது அதன் இயல்பான விதி. மேலும், வளர்வதில் வல்லதாகிய எக்ஸ்எஃப்எஸ், கோப்புகள் குடியேறிய பரப்பை விட்டுச் சுருங்குவதில்லை.

ஆரக்கிள் நிறுவனத்தில் கிறிஸ் மேசன் தொடங்கி 2007இல் அறிவித்த பிட்டிஆர்எஃப்எஸ், பயன்பாட்டில் இருக்கும்போதே வளரவும் சுருங்கவும் வல்லது. அதனிடம் ஐநோட்டுகள் எத்தனை என்று கேட்டால் 0 என்றே விடை வரும்; முன்கூட்டிய எண்ணிக்கை என்பதே அதற்கு இல்லை. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறைமையிலும் கோப்பு அட்டவணை தேவைக்கேற்ப வளர்வதாகும். ஆதலின் விண்டோஸில் பழகியோர், லினக்ஸ் வழங்கியில் முதன்முறை இச்சிக்கலைக் காணும்போது திகைத்து நிற்றல் இயல்பே.

நாம் செய்யத்தக்கன

முதலாவது, சேமிக்கத் தொடங்கும் முன் எண்ணுதல் வேண்டும். எத்தனை கிகாபைட்டு என்று கேட்பதோடு அமையாது, எத்தனை கோப்புகள் என்றும் கேட்க வேண்டும். மொத்தப் பரப்பைக் கோப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் அளவு 16,384 பைட்டுக்குக் குறையுமாயின், வீதத்தை மாற்றியே உருவாக்க வேண்டும்.

இரண்டாவது, இரு கணக்கையும் பார்த்துவருதல் வேண்டும். டிஎஃப் என்னும் ஆணை பரப்பின் நிலையைக் காட்டும். அதனோடு சிறு கோடிட்டு 'ஐ' சேர்த்தால் ஐநோட்டுகளின் நிலையைக் காட்டும். முன்னதை மட்டும் பார்ப்போர் பாதிக் கணக்கையே பார்க்கின்றனர்.

மூன்றாவது, இனி மாறாத சிறு கோப்புகளைக் கட்டுக் கட்டாகத் தொகுத்துவிடல் நன்று. டார் என்னும் கருவி ஆயிரம் கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டித் தரும். தொகுத்தபின் மூலக்கோப்புகளை நீக்கினால் ஆயிரம் ஐநோட்டுகள் செலவாகிய இடத்தில் ஒன்றே செலவாகும்.

நான்காவது, வளர்ப்பதாயினும் சுருக்குவதாயினும் அதற்கு முன் வேறொரு வட்டில் படி ஒன்று எடுத்து வைத்தல் வேண்டும். படியெடுத்தோர்க்குப் பிழை நேர்ந்தால் நேர இழப்பு மட்டுமே. எடாதோர்க்கு அது பொருள் இழப்பு.

நிறைவாக

ஒரு செல்வத்தைப் பேணுவதற்கு அதனை வைக்கும் இடம் மட்டும் போதாது. அதனைக் குறித்து வைக்கும் ஏடும் வேண்டும். ஏட்டில் இல்லாத நூல் நூலகத்தில் தொலைகின்றது. ஐநோட் பெறாத கோப்போ பிறப்பதே இல்லை. சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த முன்னோர் எத்தனை நூல்கள் பெயரளவில் நின்று பொருளளவில் மறைந்தன என்று வருந்தினர். அவர்கள் காலத்தில் கரையானும் நீரும் தீயும் பகை. நம் காலத்திலோ, அளவறியாமல் உருவாக்கிய ஒரு வட்டும் வரிசை மாறிய ஓர் ஆணையும் பகையாக அமையக் கூடும். தமிழ் பயிலும் மாணவர் இந்நூற்றாண்டின் தொகுப்புகளுக்குக் காவலர் ஆகப் போகின்றவர். அவர் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு: இடம் எவ்வளவு? எண் எத்தனை? இரண்டையும் தொடக்கத்திலேயே கேட்டு வைத்தோர்க்கு, இடமிருந்தும் இடமில்லாத நிலை வாராது.